பதினேழாம் நம்பர் வயிறு

அத்தியாயம் 6

ஏழு வெற்றிவேல்களில் ஒருவர்கூடத் தன் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசத் தயாராக இல்லை.

முதலாமவர் வலைக்குக் கிழிசல் பார்த்துக்கொண்டே, "ஸ்கேனா? எனக்கா? என் போட் இன்ஜினுக்கே ஒரு வாட்டி எடுக்கணும்னு இருக்கேன்" என்றார். மூன்றாவது வெற்றிவேலுக்கு வயது நான்கு. ஐந்தாமவர், விசாரிக்கப் போன துப்பறியும் உதவியாளன் செம்மலைப் பெண் வீட்டார் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டு, தான் குடிப்பதே இல்லை என்று கேட்காமலே சத்தியம் செய்தார். அவருடைய மூச்சுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏழாமவர் ஒரு கிலோ சங்கரா மீனை செம்மல் கையில் திணித்து, "டாக்டரை விசாரிச்சேன்னு சொல்லு" என்று அனுப்பிவைத்தார். எந்த டாக்டர் என்று இருவருக்குமே தெரியாது.

நேற்று முழுக்க வீராம்பட்டினத்தில் அலைந்ததற்குக் கிடைத்த ஒரே தடயம் அந்த மீன்தான். அதையும் இரவே குழம்பு வைத்துவிட்டார்கள்.

"அக்கா, நம்ம தேடுற வெற்றிவேல் ஊர்ல இல்ல" என்றான் செம்மல். "இருந்திருந்தா இந்நேரம் எனக்கு ஒரு கிலோ இறாலாவது கெடைச்சிருக்கும்."

முதலியார்பேட்டையில் அவர்கள் இருந்த அந்த மாடி அறை முன்பு போட்டோ ஸ்டுடியோவாக இருந்தது. இப்போது 'நிர்மலா துப்பறியும் நிலையம்'. பலகை மாறியதே தவிர, பின்சுவரில் வரைந்த நயாகரா நீர்வீழ்ச்சி அப்படியே இருந்தது. கேஸ் கொண்டுவருகிறவர்கள் அதன் முன்னால்தான் உட்கார்ந்து அழுவார்கள். நிர்மலா பதினோரு வருஷம் அந்த ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளைகளுக்குத் தொப்பை குறைத்தவள். வாடிக்கையாளர்களே செல்போனில் தங்கள் தொப்பையைத் தாங்களே குறைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு துப்பறிய வந்துவிட்டாள். இரண்டும் ஒரே தொழில்தான் என்பாள். முன்னே மறைத்ததை இப்போது தேடுகிறாள்.

நயாகராவுக்கு முன்னால் இன்று உட்கார்ந்திருந்தவள், வெற்றிவேலைத் தேடித் தரச் சொல்லிப் போனில் கேட்டிருந்த பூர்ணிமா. நீலக்கல் ஸ்கேன் மையத்தில் டெக்னீஷியன். வயது இருபத்தேழு. அழவில்லை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மணி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தேகால்.

"நாலு மணிக்கு விசாரணை மேடம். என்னைத் தூக்கிடுவாங்க. அது பரவால்ல."

"பரவால்லியா?" என்றான் செம்மல். "எங்களுக்கு வர்ற கேஸ்ல வேலையப் பத்திப் பரவால்லன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"பரவால்லன்னு இல்ல. இனிமே பாண்டியில எந்த மெஷின் பக்கத்துலயும் நிக்க விட மாட்டாங்க, தெரியும். ஆனா பதினேழாம் நம்பருக்கு அதைவிட அவசரம்."

கதை இதுதான். நீலக்கல்லின் பெரிய டாக்டர் ராமலிங்கம் ஒரு மருத்துவ ஆராய்ச்சி செய்திருந்தார். மீன் சாப்பிடும் ஆண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறைவு என்பதை சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் வைத்து நிரூபிப்பது. நாற்பது மீனவர்களின் வயிற்றைத் தொப்புள் மட்டத்தில் குறுக்கே படமெடுத்துக் கொழுப்பை அளந்தாகிவிட்டது. நாற்பது பேருக்கும் தட்டையான, அழகான வயிறு. அடுத்த வாரம் பாரீஸில் மாநாடு. மையத்தின் வாசலில் பேனர்கூடக் கட்டியாகிவிட்டது.

பூர்ணிமாவின் வேலை அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. டாக்டர் ஒவ்வொருவருக்கும் இரண்டே படம் கொடுத்தார். பதினேழாம் நம்பருக்கு மட்டும் தவறிப்போய் முழு ஸ்கேனும் வந்துவிட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அதை மேலே நகர்த்திப் பார்த்தவளுக்கு இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நெல்லிக்காய் அளவு.

"சார்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். 'கொழுப்பு ஆராய்ச்சியில கிட்னிக்கு என்னம்மா வேலை'ன்னு கேட்டாரு. படத்தைத் திரும்பிக்கூடப் பாக்கல. பேரு வெற்றிவேல், ஊரு வீராம்பட்டினம்னு மட்டும் ஃபைல்ல இருந்துச்சு. நானே தேடிப் போனேன். மறுநாளே, நோயாளியோட ரகசியத்தை வெளிய சொல்லிட்டேன்னு சஸ்பெண்ட்." அவள் மறுபடி மணி பார்த்தாள். "படம் எடுத்து எட்டு மாசம் ஆச்சு மேடம். இப்ப எடுத்துட்டா பொழைச்சுக்குவாரு. அவருக்குத் தெரியவே தெரியாது. எங்கியோ சாப்ட்டுட்டு, சிரிச்சுக்கிட்டு இருப்பாரு."

நிர்மலா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்த ரெண்டு படம் என்னென்ன?"

"ஒண்ணு தொப்புள் மட்டத்துல குறுக்கு வெட்டு. இன்னொண்ணு ஸ்கவுட். ஸ்கேன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆள் சரியாப் படுத்திருக்காரான்னு பாக்க எடுக்குறது. எக்ஸ்ரே மாதிரி இருக்கும்."

திரையில் பதினேழாம் நம்பர் மல்லாந்து கிடந்தார். விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு. இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கமாக, பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம்.

"இது இன்னாது? மோதிரத்தை முழுங்கிட்டாரா?" என்றான் செம்மல்.

"அரைஞாண் கயிறு. அதுல ஏதோ கோத்திருக்காரு. சி.டி.க்கு அதை அவுக்கச் சொன்னா ஆம்பளைங்க சண்டைக்கு வருவாங்க, அப்படியே எடுத்துருவோம். எம்.ஆர்.ஐ.ன்னாதான் உலோகமே கூடாது. அப்ப மட்டும் கெஞ்சிக் கழட்ட வைப்போம்."

"எம்.ஆர்.ஐ. படங்க எங்க?" என்றாள் நிர்மலா.

"எடுத்ததா பேப்பர்ல இருக்கு. என் கண்ணுல காட்டல. சார் அந்த ரூமுக்குள்ளயே வர மாட்டாரு. கண்ணாடிக்கு வெளிய நின்னு சைகைதான்."

நிர்மலா அடுத்த படத்துக்குப் போனாள். பதினெட்டாம் நம்பர். அவர் இடுப்பிலும் ஒரு வளையம். இது இடப்பக்கம். பத்தொன்பதிலும் வளையம். இருபது, இருபத்தொன்று... நாற்பது பேர் இடுப்பிலும் வளையம்.

"மீனவர் சங்கத்துல யூனிஃபார்ம் குடுத்திருப்பாங்க அக்கா."

நிர்மலா மேஜை டிராயரிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தாள். பதினேழில் வளையம் நல்ல வட்டம். இருபத்திரண்டில் அது கோழி முட்டை. முப்பத்தொன்றில் நெட்டுக்குத்தாக நின்ற முட்டை.

செம்மலுக்கு ஒரு விஷயம் தெரியும். அக்கா ஸ்கேலை எடுத்துவிட்டால் எங்கோ ஒரு மாப்பிள்ளை மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

"பூர்ணிமா, ஒரு ஆளைக் குண்டாக் காட்டணும்னா நாங்க படத்தை அகலத்துல இழுப்போம். ஒல்லியாக் காட்டணும்னா உசரத்துல. ஆளை மாத்திக் காட்டணும்னா எடது வலதாத் திருப்பிப் போடுவோம். நானே எத்தனை மாப்பிள்ளைக்குப் பண்ணியிருக்கேன். அப்பல்லாம் பின்னாடி இருக்குற சுவர்க்கடிகாரம் காட்டிக் குடுத்துரும்." முட்டையின் மேல் ஸ்கேலால் தட்டினாள். "மனுஷன் குண்டாவான். அரைஞாண்ல கோத்த காசு குண்டாகாது."

பூர்ணிமா திரைக்கு மேல் குனிந்தாள்.

"நாற்பது பேரும்..." என்று ஆரம்பித்த பூர்ணிமாவால் முடிக்க முடியவில்லை.

"ஒரே ஆளு" என்று செம்மல் முடித்துவைத்தான். "ஒத்தை ஆளா நாற்பது பேர் வயித்தைச் சுமக்குறாரு. அவருக்குத்தான் பேனர் வைக்கணும்."

"அப்ப வெற்றிவேல்னு ஒருத்தர் இல்லவே இல்லியா?"

"பேருதான் இல்ல" என்றாள் நிர்மலா. "கட்டி இருக்கே. கட்டிக்கு ஒரு ஆளு இருந்தாகணும்."

பூர்ணிமாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, நாற்பது இடுப்புகளையும் அச்செடுத்து, பதினேழாம் நம்பரை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு இருவரும் செம்மலின் ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டைக்குக் கிளம்பினார்கள். நடுவில் ஒரு சிக்னலில் செம்மல் அந்தத் தாளை விரித்துப் பார்க்க, பக்கத்து பைக்கில் இருந்தவர், "யாருக்குங்க? அப்பாவுக்கா?" என்று துக்கம் விசாரித்தார். "இன்னும் தெரியலைங்க" என்றான் செம்மல் உண்மையாக.

அஞ்சலாட்சியின் கடை மூன்றடி அகலம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கயிறுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. நடுவில் அறுபது வயது அஞ்சலாட்சி, கயிற்றுத் தோரணத்துக்குள் மாட்டிய அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தார். புதுச்சேரி ஆண்களின் இடுப்புச் சுற்றளவு அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த டாக்டருக்கும் தெரியாது. அதை வைத்து அவர் பாரீஸுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எலும்புக்கூட்டுக்கு அரைஞாண் கட்டி உட்டிருக்கியே, யாருப்பா இவன்?"

"அதைத்தான் நாங்க உங்களைக் கேக்குறோம் அத்தை."

"ஆளைத் தெரியாது. காசு தெரியும். நடுவுல ஓட்டை போட்ட செப்புக் காசு. சைகோன் காசு. அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சேந்து வியட்நாம் சைகோனுக்குப் போயிட்டு வந்தாங்க பாரு, சொல்தான்னு சொல்லுவாங்களே அந்தச் சிப்பாய்ங்க, அவுங்க வூட்டுலதான் பேரப்பிள்ளைக்குக் கோத்துக் கட்டுவாங்க. இப்ப யாரு கட்டுறா? ஒத்தரோ ரெண்டு பேரோ." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல மீனவன்னு போட்டிருக்கு?"

"ஆமா."

"போப்பா. மீன் புடிக்கிறவன் இடுப்புல இது எப்படி வரும்? இது பென்ஷன் வாங்குன வூடு."

"அப்படிக் கட்டுறவங்க யாராவது உங்ககிட்ட வருவாங்களா?" என்றாள் நிர்மலா.

"ஒரு ஆளு வருவாரு. பொங்கலுக்குப் பொங்கல் கயிறு மாத்த. காலங்காத்தால, முட்டிக்கு மேல டவுசரு போட்டுக்கினு, வேர்க்க வேர்க்க. புதுசு கட்டி முடிக்கிற வரைக்கும் பழசை அறுக்க உட மாட்டாரு. ஒரு நிமிஷம்கூட அந்தக் காசு இல்லாம இருக்கக் கூடாதாம், தாத்தா சொன்னதாம். படிச்ச ஆளுதான். பேரு கேட்டதில்ல. கயித்துக்கு எதுக்குப் பேரு?"

நிர்மலா செம்மலைப் பார்த்தாள். செம்மல் ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"கண்டுபுடிச்சிட்டேன் அக்கா. ஸ்கேன் சென்டர் வாட்ச்மேன். தாத்தா பட்டாளம், பேரன் செக்யூரிட்டி. ரத்தம் பேசுது."

"வாட்ச்மேன் காலையில டவுசர் போட்டு ஓடுவானா?"

"சம்பளம் கேட்டு ஓடலாமில்ல?"

மூன்றரை மணிக்கு நீலக்கல் வாசலில் பேனர் காற்றில் படபடத்தது. 'பாரீஸ் செல்லும் எங்கள் பெருமையே!' கீழே டாக்டர் ராமலிங்கம், ஐம்பத்திரண்டு வயது, கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் படம். வயிறு பலகை மாதிரி. செம்மல் அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்றான். உள்ளே தாழ்வாரத்தில், டாக்டரின் அறைக்கு வெளியே, சட்டமிட்ட பழைய புகைப்படம் ஒன்று: பட்டாளத்துக் கெப்பித் தொப்பியும் மீசையுமாக ஒரு பெரியவர். அடியில், 'என் தாத்தா, சைகோன், 1938'. அதன் எதிரேயும் ஒரு நிமிஷம் நின்றான்.

"வாட்ச்மேன் கிட்ட மன்னிப்புக் கேட்டுடுறேன் அக்கா" என்றான்.

"அதுக்கு முன்னாடி அவருகிட்ட எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள் நிர்மலா.

சரியாக நாலு மணிக்கு நிர்வாகி நாகராஜின் அறையில் விசாரணை கூடியது. நாகராஜ் எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட்டு டாக்டருக்கு மாலை வாங்கப் போகவேண்டிய அவசரத்தில் இருந்தார். எதிரே பூர்ணிமா. பக்கத்தில் டாக்டர், கால்மேல் கால் போட்டு, யாரையும் பார்க்காமல்.

"இவங்க யாரு?" என்றார் டாக்டர், நிர்மலாவைத் தாடையால் சுட்டி.

"பூர்ணிமா சார்புல வந்திருக்கேன் சார். ஒரே ஒரு கேள்வி. ஒரு நோயாளியோட ரகசியத்தை வெளிய சொல்லிட்டாங்கன்னு புகார் குடுத்திருக்கீங்க."

"ஆமா. மிஸ்டர் வெற்றிவேல். பாவம், படிப்பறிவு இல்லாத மீனவர். என்னை நம்பி உடம்பைக் குடுத்தவர். ஆராய்ச்சிக்கு அறம்னு ஒண்ணு இருக்கும்மா, அது உங்களுக்கெல்லாம் புரியாது."

"புரியுது சார். அதனாலதான் அவரையே கையோட கூட்டிட்டு வந்துட்டேன். எம்.ஆர்.ஐ. ரூம்ல இருக்காரு. வந்து ஒரு வார்த்தை பேசிடுங்க."

டாக்டரின் மேல்கால் கீழே இறங்கியது. "அது எப்படி முடியும்?"

"ஏன் சார் முடியாது?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒருவரிடம்தான் பதில் இருந்தது. அவரால் அதைச் சொல்ல முடியாது. விருட்டென்று எழுந்து தாழ்வாரத்தில் நடந்தார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் வாட்ச்மேன் சுப்ரமணி நின்றிருந்தார். கையில் உலோகம் கண்டுபிடிக்கும் கோல். பதினான்கு வருஷமாக அவர் சொல்வது ஒரே வசனம்தான். அதை ஆண்டவனே வந்தாலும் ஒரு எழுத்துக் குறைக்காமல் சொல்லுவார்.

"சாவி, சில்லறை, செல்லு, செயினு, அரைஞாண் கயித்துல தாயத்து, எல்லாத்தையும் கழட்டிடுங்க."

நாகராஜ் சாவிக்கொத்தைக் கொடுத்தார். செம்மல் செல்போனைக் கொடுத்தான். டாக்டர் சுப்ரமணியை ஒதுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

"யோவ், நான் டாக்டர்யா."

"உங்களை எனக்குத் தெரியும் சார். காந்தத்துக்குத் தெரியாது."

கோல் சட்டைமேல் இறங்கியது. நெஞ்சில் அமைதி. வயிற்றில் அமைதி. இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கம் வந்ததும், கோல் ஊரைக் கூட்டியது.

"பெல்ட்டு" என்றார் டாக்டர்.

"பெல்ட்டே போடலியே சார்."

கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்த நாகராஜ் குழம்பிப்போய்த் திரும்பினார். "என்னம்மா, ரூம் காலியா இருக்கு. வெற்றிவேல் உள்ள இருக்காருன்னு சொன்னீங்க?"

"இன்னும் உள்ள போகல சார்" என்றாள் நிர்மலா. "வாசல்ல நிக்குறாரு."

சுப்ரமணி கோலை அணைத்தார். நிர்மலா கைப்பையிலிருந்து நாற்பது இடுப்புகளையும் எடுத்து நாகராஜின் கையில் அடுக்கினாள். வட்டம், முட்டை, நெட்டு முட்டை, இடம், வலம். சைகோன் காசைப் பற்றிச் சொன்னாள். அஞ்சலாட்சி கடைக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வேர்க்க வேர்க்க ஓடி வருபவரைப் பற்றிச் சொன்னாள். நாகராஜ் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"பேனர் அடிச்சாச்சே, இப்ப என்னா பண்றது?"

"பாரீஸை மட்டும் வெட்டிட்டு மீதியை வச்சுக்கலாம் சார்" என்றான் செம்மல். "ஓடுற படம் பொருத்தமாத்தான் இருக்கு."

டாக்டர் ராமலிங்கம் சிரித்தார். படித்தவர்கள் மாட்டிக்கொண்டால் முதலில் சிரிப்பார்கள்.

"சரி. புது மெஷின் வந்தப்போ டெஸ்டுக்கு ஒரு ஆள் வேணும்னாங்க, நானே படுத்தேன். மீனவங்க எவன் வர்றான்? கூப்பிட்டா கடலுக்குப் போயிடுறான். முடிவு என்னவோ அதேதான் வந்திருக்கும், நான் கொஞ்சம் நேரத்தை மிச்சம் பண்ணினேன். பேப்பரை வாபஸ் வாங்கிடுறேன். இந்தப் பொண்ணு மேல குடுத்த புகாரையும் வாங்கிடுறேன். போதுமா?" சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "வெற்றிவேல்னு ஒருத்தனே கிடையாது. நாற்பது பேர்ல ஒருத்தன்கூடக் கிடையாது. அப்ப யாருக்கு என்ன கெட்டுப்போச்சு, சொல்லுங்க பார்ப்போம்?"

 நாகராஜ்கூட ஒருவிதமாகத் தலையாட்டத் தொடங்கினார்.

பூர்ணிமா மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றாள். இவ்வளவு நேரமும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டாக்டரின் இடது விலாவுக்குக் கீழே, சட்டை மூடிய அந்த ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றாள். "பதினேழாம் நம்பரோட முழுப் படத்தையும் நீங்க பாத்தீங்களா?"

"எதுக்கு? எனக்கு வேண்டியது தொப்புள் மட்டம். அதை அளந்தேன், அனுப்பி..."

வாக்கியம் அங்கேயே நின்றது. அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது செம்மலுக்குத் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெண் அறைக்குள் ஓடிவந்து ஏதோ சொன்னாளே, கிட்னி என்று ஏதோ.

பூர்ணிமா லேப்டாப்பைத் திறந்து கவுண்டர் மேல் வைத்தாள். டாக்டர் உட்கார்ந்தார். தொப்புள் மட்டத்திலிருந்து அவர் விரல் படத்தை மேலே நகர்த்தியது. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. இருபத்தைந்து வருஷமாக மற்றவர்கள் வயிற்றில் இதே வேகத்தில் மேலும் கீழும் போய்வந்த விரல். இடது சிறுநீரகத்துக்கு வந்ததும் நின்றது. கொஞ்சம் கீழே போனது. மறுபடி மேலே வந்தது. அதே இடத்தில் நின்றது.

"எட்டு மாசம்" என்றார் யாரிடமோ.

"இன்னும் கிட்னியத் தாண்டிப் பரவாத மாதிரிதான் தெரியுது சார்" என்றாள் பூர்ணிமா. "ஆனா இது மருந்து போடாம எடுத்த பழைய படம். இப்ப எப்படி இருக்குன்னு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடணும். மெஷின் காலியாத்தான் இருக்கு. இன்னிக்கே எடுத்துடலாம்."

நாகராஜைக் கேட்காமலே கவுண்டரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். சஸ்பெண்ட் ஆனவள் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை, அல்லது வந்தும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் எழுந்து கதவருகே போனார். சுப்ரமணி தட்டை நீட்டினார். தாத்தா ஒரு நிமிஷம்கூடக் கழற்றக் கூடாது என்று சொன்ன காசு. டாக்டரின் விரல்கள் இடுப்பில் முடிச்சைத் தேடின, அது அவிழவில்லை. கடைசியில் சுப்ரமணியே கத்தரிக்கோல் கொண்டுவந்தார். கயிறு அறுந்தது. ஓட்டைக் காசு எஃகுத் தட்டில் விழுந்து, கொஞ்ச நேரம் சுற்றி, படுத்தது. நல்ல வட்டம்.

"நீங்க கண்டுபுடிச்சுக் குடுக்கச் சொன்ன ஆளு கெடைச்சிட்டாரும்மா" என்று நிர்மலா கைப்பையை மூடினாள். "எங்க வேலை முடிஞ்சுது."

பூர்ணிமா பேனாவைத் திறந்தாள். தினமும் முப்பது பேரிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"பேரு சொல்லுங்க சார்."

அவர் வாயைத் திறந்தார். பேர் உடனே வரவில்லை.

செம்மலின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. நாற்பது பேர் இருக்கும்போது ஒன்றைப் பொறுக்கி எடுக்கச் சிரமமாகத்தான் இருக்கும் என்று. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

"ராமலிங்கம்" என்றார் அவர்.

அவள் எழுதிக்கொண்டாள்.